மதுரையை அடுத்த ஒரு புற்றுநோய்ப் புறநோயாளர் பிரிவு: மருத்துவர் பேசும் விதம் குறித்து ஒரு மதிப்புரை

மதுரையை அடுத்துள்ள தனியார் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் கதிர்வீச்சுப் புறநோயாளர் பிரிவைப் பற்றியது இந்த மதிப்புரை. அதிலும், அங்கே மருத்துவர் நோயாளியிடம் பேசும் விதத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இயந்திரம் எந்த நிறுவனத்துடையது, அறை வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனையில் உறுதியான என் பெரியம்மாவுடன் சிகிச்சைக் காலம் முழுவதும் துணைக்குச் சென்றுவந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல இருப்பதால் மருத்துவமனையின் பெயரையும், ஒப்புதல் கேட்கவில்லை என்பதால் மருத்துவரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் நாள், பெரியம்மா மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய மூத்த மகன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அண்ணன், தனியாக உள்ளே சென்றார். "அம்மாவுக்கு விஷயம் தெரியாது சார். கட்டின்னு மட்டும் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவர்கள் அடிக்கடி கேட்டுப் பழகிய வேண்டுகோள்தான் இது. சில மருத்துவர்கள் சரியென்று தலையாட்டிவிட்டு, அதன் பிறகு நோயாளியை ஏறிட்டும் பார்க்காமல் மகனிடமே பேசி முடித்துவிடுவார்கள்; வேறு சிலர், நோயாளியிடம் சொல்வது தம் கடமை என்று சட்டம் பேசி, ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் மகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. "அம்மா தாங்க மாட்டாங்கன்னு பயப்படுறீங்க, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் தன் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கிடாமல் இருந்தார். பிறகு, "நானா எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவங்களே கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அண்ணனுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை என்றாலும், மறுத்துப் பேச இடமும் இருக்கவில்லை.

பெரியம்மா வந்து உட்கார்ந்ததும் மருத்துவர் கணினித் திரையை ஒருபுறம் தள்ளிவிட்டு, மேசையைச் சுற்றி வந்து, பரிசோதனைக் கட்டிலருகே கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் அமர்ந்தார். இதைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளை மருத்துவர் சில நேரம் நின்றபடியும் சில நேரம் உட்கார்ந்தும் சந்தித்தார். உட்கார்ந்திருந்த நேரம் உண்மையில் ஒரு நிமிடம் அளவுதான் என்றாலும், நோயாளிகள் அதை ஐந்து நிமிடமாக உணர்ந்தார்கள். நேரமில்லை என்று சொல்லும் மருத்துவர்களுக்கு ஒரு முக்காலி வாங்கிக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

"உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்கம்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பெரியம்மா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "கட்டின்னு சொல்றாங்க. சாதாரணக் கட்டிக்கு எதுக்கு இத்தனை பேர் லீவு போட்டுட்டு வந்து நிக்கிறாங்க?" என்றார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா, அல்லது பிள்ளைகளிடம் பேசிக்கொண்டால் போதுமா என்று மருத்துவர் கேட்க, "என் உடம்பு, என்கிட்டயே சொல்லுங்க" என்றார் பெரியம்மா. அதன் பிறகே, "நாம நினைச்ச மாதிரி சாதாரணக் கட்டி இல்லம்மா, அது புற்றுநோய்க் கட்டி" என்று சொல்லிவிட்டு மருத்துவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆறுதலும் சொல்லவில்லை, சிகிச்சையைப் பற்றியும் தொடங்கவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாமாகவே நிமிர்ந்து பார்க்கும்வரை அந்த அமைதியை அவர் கலைக்கவில்லை. எங்களில் ஒருவர், "ஒண்ணும் ஆகாது பெரியம்மா" என்று இடையில் புகுந்தபோது, கையைச் சற்றே உயர்த்தி அவரையும் நிறுத்தினார்.

இவற்றில் பெரும்பகுதி கற்றுக்கொடுக்கக்கூடியதே. வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் 2000இல் வெளியிட்ட ஆறு படிநிலை முறை ஒன்று உலகெங்கும் புற்றுநோய்த் துறையில் பயன்படுகிறது: இடத்தை ஆயத்தப்படுத்துவது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சொல்வது, எழும் உணர்ச்சிக்கு முகம் கொடுப்பது, கடைசியாக அடுத்து செய்ய வேண்டியதை வகுப்பது. இந்தியாவிலும் 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் பயிற்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. 'அப்படியென்றால் இது பாடம் செய்த பரிவுதானே' என்று என் தம்பி குறைபட்டுக்கொண்டான். ஊசி போடுவதையும் பாடம் செய்துதான் போடுகிறார்கள். வலிக்காமல் போட்டால் எனக்குப் போதும்.

ஆனால், எந்தப் பாடத்திட்டமும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாத ஒன்று அதன் பிறகு நடந்தது. ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, அதனுடன் வாரம் ஒருமுறை கீமோ மருந்து, முடிவில் உடம்புக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் உள்வழிக் கதிர்வீச்சு என்று சிகிச்சையை விளக்கும்போது, "ஊர்ல இதைக் கரண்ட் வைக்கிறதுன்னு சொல்லுவாங்க. ஷாக் எதுவும் அடிக்காது, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான் படுத்திருப்பீங்க" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். கதிர்வீச்சு என்ற சொல்லோடு நின்றிருந்தால் பெரியம்மா தலையாட்டியிருப்பாரே தவிர, மின்சாரம் பாய்ச்சப்போகிறார்கள் என்ற அச்சத்தோடுதான் வீடு திரும்பியிருப்பார். பிறகு, "வேற என்ன கவலை மனசுல இருக்கு?" என்று கேட்டு, பதில் வரத் தாமதமானபோதும் அடுத்த கோப்பை எடுக்காமல் காத்திருந்தார். பெரியம்மா தயங்கித் தயங்கி, "பேரனுக்குத் தொத்திக்குமா?" என்றார். சில வாரங்களாகவே அவர் தம் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்திருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் புற்றுநோய் தொற்றாது என்பதையும், வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது என்பதால் அன்றன்று வீட்டுக்குப் போய்ப் பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் மருத்துவர் நிதானமாகச் சொன்னார். சாவைப் பற்றிய பயத்துக்கு ஆறுதல் தேட நாங்கள் ஆயத்தமாகியிருந்தோம். அவருடைய பயமோ சமையலறை அலமாரியில் இருந்தது.

இத்தனைக்கும் அந்த முதல் சந்திப்பு கால்மணி நேரத்தைச் சற்றே தாண்டியிருக்கும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, ஆரம்ப சுகாதார மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி என்றும், சுவீடனில் 22.5 நிமிடம் என்றும் காட்டியது. நம் நாடு வங்கதேசத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பின்னர் நடந்த வாராந்திரச் சந்திப்புகள் இங்கும் மிகக் குறுகியவையே. ஆனால் முதல் நாள் முழுமையாகக் கேட்டு வைத்திருந்ததால், பேதி, சிறுநீர் எரிச்சல் போன்ற தொந்தரவுகளைப் பெரியம்மா கூச்சமின்றி உடனே சொன்னார். கேட்காமலேயே இவற்றை யாரிடமும் சொல்லக்கூடிய பெண்மணி அல்லர் அவர்.

இனி, குறைகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான முகப்பில் இருந்த ஊழியர், நிறைந்த கூடத்தில், "எந்த இடத்துல கேன்சர்?" என்று உரக்கக் கேட்டார். உள்ளே அவ்வளவு கவனமாகக் கையாளப்பட்ட சொல் வெளியே டோக்கன் எண்ணைப் போல அழைக்கப்பட்டது. அதுவும், உடம்பின் எந்தப் பகுதி என்று சொல்லவே கூசும் ஒரு பெண்ணிடம். ஒரு படிவத்தை நீட்டினால் தீரக்கூடிய விஷயம் இது. மருத்துவர் விடுப்பில் இருந்த வாரத்தில் பார்த்த இளம் மருத்துவர், பெரியம்மா எதிரில் இருக்கும்போதே, "பேஷண்ட்டுக்கு மோஷன் எப்படி?" என்று என்னிடம் கேட்டார், பெரியம்மா பதில் சொன்ன பிறகும் அடுத்த கேள்வியையும் என்னிடமே கேட்டார். அவரைக் குறை சொல்வதைவிட, மூத்த மருத்துவரின் அறையில் இரண்டு வாரம் உட்கார வைப்பது பயன் தரும். மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைப்பதற்கென்று கொடுக்கப்பட்ட தொலைபேசி எண்ணை எடுப்பவர், எதைக் கேட்டாலும் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்கிறார். பேதி அதிகமான ஓர் இரவில், மருத்துவர் முன்னரே எழுதித் தந்திருந்த தாள்தான் எங்களுக்குக் கைகொடுத்தது.

மருத்துவரின் ஆலோசனைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். புறநோயாளர் பிரிவு முழுமைக்கும் மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் நோயை மறைத்து வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்களுக்கு இவரிடம் செல்லுமாறு தயங்காமல் சொல்வேன். காப்பீட்டு அட்டைக்கான விவரங்களை மட்டும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, முகப்பில் பேசாமல் நீட்டிவிடுங்கள்.