நடிப்புத் தொழிலின் கணக்குவழக்கைக் கற்றுத்தருகிறோம் என்று ஏமாற்றும் வகுப்புகள்: ஓர் எச்சரிக்கை

மதுரையில் ஒன்பது ஆண்டுகள் மேடை நாடகங்களில் நடித்துவிட்டு 2023ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தபோது, நடிப்பைப் பற்றி எனக்குப் பயம் இருக்கவில்லை. சம்பளம் பேசவும் ஒப்பந்தத்தைப் படிக்கவும் தெரியாதே என்ற பயம்தான் இருந்தது. வளசரவாக்கத்தில் இயங்கிய ஒரு நிறுவனம் அந்தப் பயத்தையே முதலீடாக்கிக்கொண்டது. நடிகர்களுக்கான ஒப்பந்தம், வரி, சம்பளப் பேச்சு ஆகியவற்றை எட்டு வாரத்தில் கற்பித்து, முடிவில் தாங்களே ஏஜென்டாக இருந்து வாய்ப்பும் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கட்டணம் 85,000 ரூபாய். சேமிப்பு போதாமல் நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

முதல் மூன்று வாரங்கள் போர்ட்ஃபோலியோ படம் எடுப்பதிலும், வெற்றி பெற்றவர்களைப் பற்றிய பேச்சுகளிலும் கழிந்தன. ஐந்தாவது வாரம், வகுப்பு முடிந்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்த மாலை நேரத்தில், ஆங்கிலத்தில் பதினொரு பக்கம் கொண்ட ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, “எல்லாரும் போட்டாச்சு தம்பி, நீங்க மட்டும்தான் பாக்கி” என்று அலுவலகப் பெண் பேனாவை நீட்டினார். போட்டுவிட்டேன். நகலும் கேட்டு வாங்கவில்லை. இந்த இரண்டு தவறுகளும் என்னுடையவைதான்.

அந்தச் செப்டம்பரில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் நடித்தேன். வாய்ப்பை அவர்கள்தான் வாங்கித் தந்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். என் சம்பளம் 60,000 ரூபாய் என்றும், அதில் 25 சதவீதம் கமிஷனாக 15,000, டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் 6,000 போக மீதி 39,000 என்றும் நவம்பரில் கணக்குச் சொல்லி வங்கியில் போட்டார்கள். நடிகர்களின் தொழில்முறை வருமானத்தில் 10 சதவீதம் பிடிப்பது அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவுப்படி சரியானது என்பதால் நான் ஐயப்படவில்லை. என் ஆண்டு வருமானம் வரி வரம்பை எட்டவில்லை. ஆகவே கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 6,000 திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

2024 ஜூலையில் எங்கள் தெருவில் இருக்கும் ஆடிட்டர் அண்ணனிடம் போனேன். அவர் வரித் துறைத் தளத்தில் என் பான் எண்ணைக் கொண்டு, என் பெயரில் பிடித்துக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்தார். மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்திப் பார்த்தார். “தம்பி, இதுல ஒண்ணுமே ஏறலையே. யாரு பிடிச்சதாச் சொன்னீங்க?” என்றார். பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டி, காலாண்டு அறிக்கையில் என் பான் எண்ணுடன் காட்டியிருக்க வேண்டும். அதற்குச் சான்றாகப் படிவம் 16ஏ கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வரி பற்றிக் கற்பிக்கிறோம் என்று பணம் வாங்கியவர்கள், வரியின் பெயரைச் சொல்லியே என் கூலியில் கை வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு தீபாவளிக்கும் அதே விளம்பரம் ஓடியது. ஓராண்டுப் பயன்பாட்டுக்குத்தான் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்ததால் விளம்பரக் கம்பெனிக்கு நேரில் போய்க் கேட்டேன். காலவரம்பில்லாத உரிமைக்கு 1,10,000 ரூபாய் கொடுத்ததாக அங்கிருந்த மேலாளர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கீழே எனக்காக அந்த வகுப்பு நிறுவனமே ஏஜென்சியாகக் கையெழுத்திட்டிருந்தது. அந்த அதிகாரத்தை ஏழாம் பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது, வழக்கறிஞர் மூலம் ஒப்பந்தத்தின் நகலைப் பெற்ற பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வாங்கித் தராத வேலையிலும் 25 சதவீதம் உண்டு என்ற விதியும், ஒப்பந்தம் முடிந்த பின் ஓராண்டு வேறு ஏஜென்ட் வழியாக நடிக்கக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தன. இதில் பின்னது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது என்று வழக்கறிஞர் விளக்கினார். அதைக் கேட்கும் வரை, வந்த இரண்டு வாய்ப்புகளைப் பயத்தில் நான் மறுத்திருந்தேன். பணம் போனதைவிட அதுதான் இன்றும் மனத்தை அறுக்கிறது.

அந்த வகுப்பு சொல்லித் தந்திருக்க வேண்டியதைச் சாலிகிராமத்தில் குணச்சித்திர வேடங்களில் நடிக்கும் ஓர் அக்கா, படப்பிடிப்பு இடைவேளையில் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் சொல்லிவிட்டார். சம்பளம் எத்தனை நாள் கால்ஷீட்டுக்கு (படப்பிடிப்புக்கு நாம் ஒதுக்கும் நாள்), பேட்டாவும் (தினப்படி) வண்டிச் செலவும் அதில் அடக்கமா தனியா, நாள் கூடினால் என்ன கணக்கு என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிட வேண்டும் என்றார். டப்பிங் பேசுவதற்கு முன்னால் பாக்கியை வாங்கிவிட வேண்டும், குரல் கொடுத்த பிறகு கம்பெனிக்கு நம் தயவு தேவைப்படாது என்பதையும் அழுத்திச் சொன்னார். விளம்பரம் என்றால் எத்தனை மாதம், எந்தெந்த ஊடகம், எந்தெந்த மாநிலம் என்று கேட்காமல் தொகையே பேசக் கூடாதாம்.

கட்டணத்தையும் ஏமாற்றிய தொகையையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட வகுப்பில் சேர்ந்து ஏஜென்சி ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருப்பவர்கள், டிடிஎஸ் பிடித்ததாகச் சொல்லப்பட்ட தொகை வரித் துறைத் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள். ஏறவில்லை என்றால் டிடிஎஸ் சான்றிதழையும், உங்கள் பெயரில் அவர்கள் கையெழுத்திட்ட கடிதங்கள் அனைத்தின் நகலையும், ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் எழுதிக் கேளுங்கள்.