அப்பாவின் கால் புண்ணும் மூன்று வார டிரஸ்ஸிங்கும்

வெளிநாட்டில் பதினாறு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். அதில் கடைசி ஒன்பது வருடம் காயப் பராமரிப்புப் பிரிவில். இந்த முறை ஊருக்குப் போனதே அப்பாவின் காலுக்காகத்தான். சர்க்கரை முற்றி வலது காலில் இரண்டாவது விரலை எடுத்திருந்தார்கள். தையல் போடாமல், அடியிலிருந்து சதை வளர்ந்து மூடட்டும் என்று காயத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். இந்த மாதிரிப் புண்ணில் ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கப்புறம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், எல்லாம் டிரஸ்ஸிங் செய்கிறவரின் கையில்தான் இருக்கிறது.

முதல் வாரம் ஆபரேஷன் நடந்த பெரிய மருத்துவமனைக்கே கூட்டிக்கொண்டு போனேன். டிரஸ்ஸிங் அறையில் ஒரே ஒரு சிஸ்டர். வெளியே வரிசையில் முப்பது பேராவது இருப்பார்கள். அப்பாவுக்கு முன்னால் இருந்தவரின் கட்டைப் பிரித்தார், சீழைத் துடைத்தார். அதே கையுறையோடு பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார், கிருமி நீக்கிய துணி வைத்திருக்கும் டிரம்மின் மூடியைத் திறந்து புதுத் துணி எடுத்தார், அப்புறம் அப்பாவின் காலைத் தொட வந்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. கையுறை போட்டிருந்தவரின் கை பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் புண்ணிலிருந்த கிருமி பேனாவுக்கும், டிரம்முக்கும், அடுத்தவர் புண்ணுக்கும் போக அந்தக் கையுறையே வழி. டிரம்முக்குள் இருந்த துணி, நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவியிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்திருந்தாலும் அந்த நொடியில் அது வீண்.

நான் புதுக் கையுறை கேட்டேன். முகம் கோணாமல் மாற்றிக்கொண்டார். அடுத்து, காய்ந்து ஒட்டியிருந்த துணியை நனைக்காமல் இழுத்தார். புதிதாக வளர்ந்திருந்த சிவந்த சதை துணியோடு பிய்ந்து வந்து ரத்தம் கசிந்தது. அப்பா முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. காலில் உணர்ச்சியே இல்லை. வலி இருந்திருந்தால் அவராவது கத்தியிருப்பார். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினார். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். அது கிருமியோடு சேர்த்து, காயத்தை மூட வருகிற செல்களையும் எரிக்கும். ஆறி வருகிற சுத்தமான புண்ணுக்குச் சாதாரண சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர், போதும். காயம் காய்ந்தால்தான் ஆறும் என்பதும் பழைய நம்பிக்கை. ஈரப்பதமாக மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் வேகமாக வளர்கிறது என்பதை ஜார்ஜ் விண்டர் 1962-லேயே பன்றிகளின் தோலில் ஆய்வு செய்து காட்டிவிட்டார்.

நான் வாயைத் திறக்கப்போவது தெரிந்ததும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "சண்டை போடாதம்மா. நீ போனப்புறம் நான்தான் இங்க வரணும்."

அதனால் வரிசை முடியும்வரை காத்திருந்து அந்த சிஸ்டரிடம் தனியாகப் பேசினேன். நானும் நர்ஸ்தான் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாம இல்லக்கா. கை தேய்க்கிற மருந்து கதவுகிட்ட மாட்டிருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் நடந்து போய்ட்டு வந்தா பாதிப் பேரைக்கூட முடிக்க முடியாது." நடந்து பார்த்தேன். கட்டிலிலிருந்து அந்தப் பாட்டிலுக்குப் பதினான்கு அடி வைக்க வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டியில் ஐந்து தருணங்கள் உண்டு: நோயாளியைத் தொடும் முன், காயம் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சீழோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். ஆல்கஹால் மருந்தால் தேய்க்க 20 முதல் 30 நொடி போதும். மருந்து கைக்கு எட்டும் இடத்தில், நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் அதே வழிகாட்டி வலியுறுத்துகிறது. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ல் பிரசவ வார்டு வாசலில் குளோரின் கரைசலை வைத்து எல்லோரையும் கை கழுவ வைத்தபோது தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. அந்த சிஸ்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலை அங்கே மாட்டியவர்களும், முப்பது பேருக்கு ஒருவரைப் போட்டவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது. பொறுப்பாளரைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து டிராலியிலேயே ஒரு பாட்டில் இருந்தது.

ஆனாலும் இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்கு மாறினோம். அங்கே இருந்த சிஸ்டரைப் பற்றி நாள் முழுக்க எழுதலாம். வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் காலையில் வந்ததுமே யாருக்கு எப்படிப்பட்ட புண் என்று கேட்டு வரிசையை மாற்றி வைப்பார். சுத்தமான ஆபரேஷன் காயங்கள் முதலில், சீழ் வைத்தவை கடைசியில். டிரம் கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி பொட்டலம். பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். கோடு கறுத்திருந்தால் அந்தப் பொட்டலம் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே கிருமி செத்ததற்கு அது சாட்சி ஆகாது என்று அவரே என்னிடம் சொன்னார். இது தெரியாத சீனியர்களை நான் வேலை பார்க்கும் இடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

பழைய கட்டை ஒரு கையுறையால் எடுப்பார். கழற்றிப் போட்டுவிட்டுக் கை தேய்த்து, புதுக் கையுறை போட்ட பிறகுதான் சலைன். ஒட்டியிருந்தால் நனைத்து ஊறவிட்டு, அது தானாக விடும்வரை அப்பாவிடம் பேசிக்கொண்டிருப்பார். காயத்தில் படப்போகும் துணியின் பக்கத்தை எதுவும் தொடவிட மாட்டார். வாரம் ஒருமுறை காகித ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறிப்பார். முதல் அளவு நீளம் 3.2, அகலம் 2.1 சென்டிமீட்டர். சர்க்கரை நோயாளியின் கால் புண் நான்கு வாரத்தில் பாதியாகவாவது சுருங்கவில்லை என்றால் வைத்தியத்தையே திரும்ப யோசிக்க வேண்டும். அளக்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

ஒருநாள் காலை புண்ணைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக இருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அப்பா, "ஒண்ணுமில்ல, விடு" என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் கிருமி ஏறினாலும் காய்ச்சலோ வலியோ காட்டாமல் போகலாம் என்பது அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதினார். அப்போதே டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் மெல்லிய கம்பியால் எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். தட்டுப்படவில்லை. என்ன கிருமி என்று கண்டறியும் கல்சர் பரிசோதனைக்கு எடுக்கும்போது மேலே இருந்த கசிவை அப்படியே ஒற்றி அனுப்பாமல், முதலில் சலைனால் கழுவிவிட்டு அடிச்சதையில் அழுத்தி எடுத்தார்கள். மேலே இருப்பது எல்லாப் புண்ணிலும் குடியிருக்கிற கிருமி, உள்ளே இருப்பதுதான் நோய்க்குக் காரணம். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் சிவப்பு அந்தக் கோட்டுக்கு உள்ளே சுருங்கிவிட்டது. அந்த நாலு நாளும் எனக்குத் தூக்கமே இல்லை.

கிளம்புவதற்கு முன் என் தங்கைக்கு டிரஸ்ஸிங் சொல்லிக் கொடுத்தது அந்த சிஸ்டர்தான். நான் பக்கத்தில் சும்மா நின்றேன். தங்கை கை தேய்த்துவிட்டு அடுத்த நொடியே நழுவிய கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டாள். "திரும்பத் தேய்ங்க" என்றார் சிஸ்டர். இன்னொரு முறை போன் அடித்தது, எடுத்துவிட்டாள். "திரும்பத் தேய்ங்க." கோபமே இல்லாமல் மூன்று தடவை சொன்னார்.

நான் விமானம் ஏறிய அன்று அளவு நீளம் 2.4, அகலம் 1.5. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைத் தங்கை அனுப்புகிறாள். போன வாரப் படத்தில் 1.7, 0.9. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிகிறது.