முழு ஷாஃப்டா, ஜாயின்ட் மட்டுமா? ஆல்ட்டோவின் ஆக்ஸில் தேயும்போது

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டுவதற்குள் எங்கள் பழைய ஆல்ட்டோவின் முன்சக்கரத்தில் ‘டக் டக் டக்’ என்று சத்தம். ஸ்டீயரிங் நேரானால் அடங்கும். ஒடித்தால் மறுபடி தொடங்கும். நாமக்கல் திரும்பியதும் மூன்று பட்டறைகளில் காட்டினேன். “பூட் மாத்துனா போதுங்க” என்றார் ஒருவர்; ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைதான் பூட். “வீல் சைடு ஜாயின்ட் போயிருச்சுங்ண்ணா” என்றார் அடுத்தவர். மூன்றாமவர், “ஆக்ஸிலை செட்டாவே மாத்திருங்க, தொல்லை விட்டுது” என்றார். ஆக்ஸில் என்பது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்; ஒரு தண்டு, இரு முனையிலும் ஒரு ஜாயின்ட். நான் மூன்றாமவர் பேச்சைக் கேட்டேன். இன்று கேட்டால் இரண்டாமவரிடம்தான் போகச் சொல்வேன்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளியது. 1983-இல் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும் கார்கள் நம் ஊரில் பரவின. இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்கவும் வேண்டும், கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியும் வேகம் மாறாமல் வந்து சேர வேண்டும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் சாதிப்பதுதான் சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, அதாவது வேகம் மாறாத) ஜாயின்ட். கிண்ணத்துக்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓட வளைந்த பள்ளங்கள், குண்டுகளைப் பிடித்து வைக்க ஒரு கூண்டு. ஆல்ஃப்ரெட் ரெஸெப்பா என்ற ஃபோர்டு பொறியாளர் 1920களில் காப்புரிமை பெற்ற அமைப்பு அடிப்படையில் இன்றும் அதேதான். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் உள் ஜாயின்ட் வேறு வகை: மூன்று உருளைகள் கொண்டது, உள்ளே வெளியே நகர்ந்து கொடுக்கும்.

இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதிச் செலவு மிச்சம். ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்றால் வெளி ஜாயின்ட். நேர்ச்சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் உள் ஜாயின்ட் மேல் சந்தேகப்படலாம். எஞ்சின் மவுன்ட் தளர்ந்தாலும் நடுக்கம் வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இடதா வலதா என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பார்த்தால் எந்தப் பக்கம் பிளே (ஆட்டம்) அதிகம் என்று தெரிந்துவிடும்.

முதல் வழி, ரப்பர் பூட் மட்டும் மாற்றுவது. சில நூறு ரூபாய் சாமான், மேலே கூலி. சத்தம் வருவதற்கு முன்னால் செய்தால் இதைவிட நல்ல செலவு கிடையாது. சக்கர ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அதே வாரம் பிரித்துக் கழுவி, மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸ் நிரப்பிப் புது பூட் போட்டால் ஜாயின்ட் பிழைத்துக்கொள்ளும். சேஸிஸுக்கு அடிக்கும் சாதா கிரீஸை அதில் அப்ப விடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மாதம் கிழிந்த பூட்டோடு ஓட்டியிருந்தால் மண்ணும் நீரும் பள்ளங்களை ஏற்கெனவே அரைத்திருக்கும். அதன்பின் பூட் மாற்றுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற மாதிரி. சத்தம் போகவே போகாது. ஷாஃப்டைக் கழற்றாமல் ஒட்டிக்கொள்ளும் பிளவு பூட்டும் கடையில் கிடைக்கும். ஊர் போய்ச் சேரும்வரை அது தாங்கினால் சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது அடுத்த இரண்டு வழிகளைப் பற்றி. நல்ல நிறுவனத்தின் வெளி ஜாயின்ட் மட்டும் வாங்குவதா, அதைவிடச் சற்றே கூடுதல் விலையில் பெயர் தெரியாத முழு ஷாஃப்ட் வாங்குவதா? பார்த்தவுடன் இரண்டாவதுதான் லாபமாகத் தெரியும். இரண்டு ஜாயின்ட், தண்டு, பூட் எல்லாமே புதுசு. பட்டறையிலும் வேலை சுருக்கு. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். நான்கே மாதத்தில் 70 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் உள் ஜாயின்ட் உருளைகள் ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தது. பழைய ஷாஃப்டில் அந்தப் பக்கம் பல வருடம் ஓடியும் கெடாமல் இருந்தது. அதாவது, நல்லதைக் கழற்றி வைத்துவிட்டு மட்டமானதைக் காசு கொடுத்து மாட்டியிருக்கிறேன்.

இந்த உறுப்பின் ஆயுள் எஃகிலும் அதற்குக் கொடுக்கும் சூட்டுப் பதத்திலும் இருக்கிறது. பளபளப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஜி.கே.என்., என்.டி.என். போன்றவை கார் கம்பெனிகளுக்கே ஜாயின்ட் செய்து கொடுப்பவை. அந்தத் தரத்தில் ஒரு ஜாயின்ட் கிட் வாங்கினால் பூட், கிரீஸ், கிளாம்ப், சர்க்கிளிப், நட் எல்லாம் பெரும்பாலும் கூடவே வரும். பழைய தண்டும் உள் ஜாயின்ட்டும் நன்றாக இருக்கும்வரை என் ஓட்டு இதற்குத்தான். வாங்குமுன் பழையதைக் கையோடு கொண்டுபோய் தண்டு பொருந்தும் ஸ்ப்ளைன் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள சில கார்களில் வெளி ஜாயின்ட்டிலேயே பல் வளையம் இருக்கும். அது இல்லாததை மாட்டினால் எச்சரிக்கை விளக்கு அணையாது. சில மாடல்களுக்கு வெளி ஜாயின்ட் தண்டோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். அப்போது வேறு வழியில்லை, முழு ஷாஃப்ட்தான்.

கம்பெனி முழு ஷாஃப்ட் குறை சொல்ல முடியாத சாமான், விலைதான் பல ஆயிரம். இரண்டு ஜாயின்ட்டும் போய், தண்டும் துருப்பிடித்து, வண்டியை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருப்பதானால் போடலாம். அடுத்த வருடம் விற்கப் போகிற வண்டிக்கு வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் ஷாஃப்டை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். பெயர் தெரியாத புதுசைவிட அது பல நேரம் மேல். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். வெளி ஜாயின்ட்டை முழுக்க மடக்கிச் சுற்றுங்கள், எங்கும் சிக்கக் கூடாது. பூட்டைத் தள்ளி கிரீஸைத் தொட்டு விரலிடையே தேயுங்கள். நறநறவென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பின்பக்கமாக இடித்து நசுங்கிய வண்டியின் ஷாஃப்டாக இருந்தால் நல்லது. முன்சக்கரத்தில் அடி வாங்கியிருந்தால் தண்டு வளைந்திருக்கலாம்.

ரீகண்டிஷன் என்று பெயின்ட் அடித்து விற்பதை மட்டும் நான் ஒதுக்கிவிடுவேன். தேய்ந்த பள்ளத்தைச் சாணை பிடித்துப் பெரிய குண்டு போடுவது ஒரு முறை. பதம் ஏறியது மேல்தோல் மட்டும்தான். அதையே சீவிவிட்டால் உள்ளே இருக்கும் மெதுவான இரும்பு எத்தனை நாள் தாங்கும்? கழுவி, பூட் மாற்றி, கறுப்படித்துக் கொடுப்பதையும் ரீகண்டிஷன் என்றே சொல்கிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும் பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஷாஃப்டை உருவினால் கியர் ஆயில் வழியும். ஆயில் சீலை அப்போதே புதிதாகப் போட்டு, அளவு பார்த்து ஆயில் நிரப்பச் சொல்லுங்கள். சக்கரத்தின் நடுவில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஹப் நட்டைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். புது நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். நட்டை முறுக்காமல் சக்கரத்தைத் தரையில் இறக்கி உருட்டினால் வீல் பேரிங் கெடும்.

முதல் தடவை வேலை முடிந்தபோது, “பழையதை இங்கயே விட்டுட்டுப் போங்க, எடைக்குப் போட்டுக்கறோம்” என்றார்கள். ஏனோ மனம் வராமல் டிக்கியில் போட்டு வந்தேன். பிறகு அதே தண்டில் புது வெளி ஜாயின்ட் ஏற்றி மாட்டினோம். இப்போது கொல்லிமலை ஏறி இறங்கிக்கொண்டிருப்பது அதுதான்.