வசந்த காலத்துக்கு வலெட்டாவா, பலெர்மோவா?

ஏப்ரல் மாதத்தில் மத்தியதரைக் கடலின் தீவு நகரம் ஒன்றில் சில நாள் தங்கிவரலாம் என்று திட்டமிட்டபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: மால்டாவின் தலைநகரான வலெட்டாவும் சிசிலியின் தலைநகரான பலெர்மோவும். நாங்கள் பலெர்மோவைத் தேர்ந்தெடுத்தோம். வலெட்டாவை அதற்கு முன்பே ஒரு மார்ச் மாதத்தில் பார்த்திருந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. ஆனால் வலெட்டாவின் ஏப்ரல் மாதத்தைப் பற்றி நான் சொல்வதை நேரில் கண்டவன் சொல்வதாகக் கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். இரண்டிலும் யூரோதான் செல்லும். ஏப்ரலில் பகல் வெப்பம் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ 20 டிகிரி. கடல்நீர் அப்போது 16 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்பதால், கடலில் குளிப்பதற்காகவே போகிறவர்கள் ஜூன்வரை பொறுத்திருப்பது நல்லது. மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி, வண்டிகள் இடப்பக்கம் ஓடும், பிளக்கும் பிரிட்டனில் புழங்கும் சதுர முள் பிளக்தான். பலெர்மோவில் இத்தாலிய மொழியில் பத்துச் சொல்லாவது தெரிந்திருந்தால் நல்லது.

வலெட்டாவின் பெருமை அதன் அடக்கத்தில் இருக்கிறது. 1565இல் ஒட்டோமான் படை நடத்திய முற்றுகையைத் தாங்கி நின்ற, கிறித்தவத் துறவு அமைப்பான புனித யோவான் சபையின் வீரர்கள், அதற்கு அடுத்த ஆண்டே வெறும் மேட்டுநிலத்தில் கோடு போட்டுக் கட்டத் தொடங்கிய நகரம் இது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், நேர்கோட்டுத் தெருக்கள், எந்தத் தெருவின் முனையில் நின்றாலும் மறுமுனையில் கடல் தெரியும். நகர வாயிலுக்கு வெளியே உள்ள பேருந்து நிலையத்திலிருந்து தீவின் பெரும்பாலான ஊர்களுக்கு நேரே போய்விடலாம். புனித யோவான் இணைப் பேராலயத்தின் தொழுகைக் கூடத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சி இருக்கிறது. அவர் கையொப்பமிட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் அது. வெட்டுண்ட கழுத்திலிருந்து வழிந்து தரையில் தேங்கிய இரத்தத்திலேயே தம் பெயரை எழுதியிருக்கிறார். பலெர்மோவிலும் அவருடைய ஓவியம் ஒன்று இருந்தது. சான் லொரென்சோ தொழுகைக் கூடத்திலிருந்து 1969இல் திருடப்பட்ட அது இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது தொங்குவது நகல். காரவாஜ்ஜோவுக்காகவே பயணம் போகிறவருக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது.

என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொன்னது காற்றுதான். பயணம் திட்டமிடுகிறவர்கள் வெப்பநிலையையும் மழையளவையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மழைக்கணக்கை மட்டும் பார்த்தால் வலெட்டாவே மேல். ஏப்ரலில் பலெர்மோவில் பெய்வது அதைவிடக் கூடுதல். ஆனால் இந்தக் கடலில் வசந்தம் என்பது காற்றுகள் மாறி மாறி வீசும் பருவம். மால்டா 316 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட, உயர்ந்த மலை எதுவும் இல்லாத, நாற்புறமும் திறந்து கிடக்கும் தீவுக்கூட்டம். வடகிழக்கிலிருந்து வரும் காற்றை அங்கே கிரிகால் என்கிறார்கள். வலெட்டாவின் பெருந்துறைமுகத்தின் வாய் அந்தத் திசையை நோக்கியே திறந்திருப்பதால் அலை நேரே உள்ளே வந்து மோதும். அதைத் தடுக்கத்தான் துறைமுக வாயில் அலைதடுப்புச் சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள்.

இதனால் பயணிக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். வலெட்டாவில் நாம் செய்ய நினைக்கும் பத்துக் காரியங்களில் ஆறேழு திறந்தவெளியிலோ தண்ணீரின் மேலோ நடப்பவை. மேல் பராக்கா தோட்டத்தில் நின்று நண்பகல் பீரங்கி முழங்குவதைக் கேட்பது, கொத்தளங்களின் மேல் நடப்பது, எதிர்க்கரையில் உள்ள மூன்று நகரங்களுக்குப் படகில் போவது, தெற்குக் கரையில் நீலக்குகைக்குள் சிறு படகில் நுழைவது, கோசோ தீவுக்கு விரைவுப் படகு ஏறுவது என்று எல்லாமே காற்றின் தயவில் நடப்பவை. நான் இருந்த நாள்களில் வானம் துடைத்துவைத்ததுபோல் தெளிவாக இருந்தது, வெயிலும் இருந்தது, ஆனால் நீலக்குகைப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. கொத்தளத்தின் மேல் நின்று பேசினால் பக்கத்தில் இருந்தவருக்குக் காதில் விழவில்லை. தங்கிய அறையோ சுண்ணாம்புக்கல் சுவர்களுக்குள் குளிர்ந்து ஈரம் கோத்திருந்தது. கோடைக்காகக் கட்டப்பட்ட வீடுகளில் மார்ச் மாத இரவைக் கழிப்பது வெளியில் நிற்பதைவிடக் குளிர். அறையை முன்பதிவு செய்யும்போது வெப்பமூட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இது பலெர்மோவின் பழைய வீடுகளுக்கும் பொருந்தும்.

பலெர்மோவிலும் காற்று உண்டு; சொல்லப்போனால் அங்கே அது இன்னும் கொடியது. வடக்கு நோக்கிய விரிகுடாவின் பின்னால் மலைகள் வளைத்து நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சிரோக்கோ காற்று அந்த மலைகளின் மேலேறி, இந்தப் பக்கம் இறங்கும்போது மேலும் காய்ந்து சூடேறுவதால், ஏப்ரல் இறுதியிலேயே ஒரு நாள் திடீரென்று 30 டிகிரியைத் தாண்டிவிடும். கார்களின் மேல் செம்மண் நிறத்தில் சஹாரா தூசி படிந்திருக்கும். ஆனால் இந்த நகரம் அந்தக் காற்றோடு நூற்றாண்டுக் கணக்கில் குடித்தனம் நடத்திய நகரம். பணக்காரக் குடும்பங்கள் தங்கள் மாளிகைகளுக்கு அடியில் பாறையைக் குடைந்து, கனாத் எனப்படும் நிலத்தடி வாய்க்கால் நீர் ஓடும்படி செய்து, சிரோக்கோ அறை என்றே பெயரிட்டு, காற்று அடங்கும்வரை அதற்குள் இருந்தார்கள். பயணிக்கு அவ்வளவு வசதி கிடைக்காது என்றாலும், காற்று நாளில் ஒதுங்குவதற்கும் ஒதுங்கிய இடத்தில் பார்ப்பதற்கும் பலெர்மோவில் ஏராளம் இருக்கிறது. அவையும் அடுத்தடுத்து இருக்கின்றன. நோர்மன் அரண்மனையை ஒட்டிய போர்த்தா நுவோவா வாயிலிலிருந்து கடலோரம்வரை நீளும் விட்டோரியோ இமானுவேலே தெரு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. பேராலயமும் மர்தொரானா தேவாலயமும் சிற்பி செர்ப்பொத்தாவின் வெண்சுதைச் சிற்பங்கள் நிறைந்த தொழுகைக் கூடங்களும் அந்தத் தெருவிலோ அதன் கிளைச் சந்துகளிலோ அமைந்தவை.

அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அரேபியர் 831இல் கைப்பற்றிய நகரத்தை 1072இல், வட பிரான்சைப் பூர்வீகமாகக் கொண்ட நோர்மானியர் பிடித்தார்கள். அவர்கள் வழிவந்த அரசர் இரண்டாம் ரோஜர் கட்டிய இந்த ஆலயத்தின் சுவர்களில் பைசாந்தியக் கைவினைஞர்களின் பொன் மொசைக் மின்னுகிறது. கழுத்தை வளைத்து மேலே பார்த்தால், மரத்தாலான தேன்கூட்டுக் கூரை இசுலாமியக் கலைஞர்களின் கைவண்ணம். அதன் மடிப்புகளுக்குள் இசைக்கலைஞர்களும் கோப்பை ஏந்தியவர்களும் சதுரங்கம் ஆடுகிறவர்களும் சிறு சிறு ஓவியங்களாக ஒளிந்திருக்கிறார்கள். கைக்குச் சிறிய தொலைநோக்கி கொண்டுபோனால் பலன் உண்டு. மொன்ரியாலே பேராலயத்தின் மொசைக் பரப்பில் இதைவிடப் பன்மடங்கு பெரிது. அதற்குப் பேருந்தில் ஏறி மலைச்சரிவுக்குப் போக வேண்டும், போவதற்கு அரை நாளை ஒதுக்கவும் வேண்டும்.

சாப்பாட்டிலும் வசந்தம் பலெர்மோவின் பக்கமே. பல்லரோ சந்தையில் ஏப்ரலில் முள்ளோடு கூடிய கூனைப்பூக்கள் (ஆர்ட்டிசோக்) தள்ளுவண்டிகளில் மலையாகக் குவிந்திருக்கும். சிலர் அங்கேயே கரிநெருப்பில் சுட்டுக் கொடுப்பார்கள். இளம் கூனைப்பூ, பச்சைப் பட்டாணி, உரித்த ஃபாவா அவரை மூன்றையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் செய்யும் ஃபிரிட்டெத்தா இந்தச் சில வாரங்களுக்கு மட்டுமே உரிய பண்டம். கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தரும் பனெல்லே நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். சைவ உணவுக்காரர்கள் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வண்டியில் விற்கும் ரொட்டிக்குள் மாட்டு மண்ணீரல் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கேட்டு வாங்க வேண்டும். மால்டாவில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுட்ட பஸ்திட்ஸி என்ற மாவுப்பண்டம் மலிவும் சுவையும் ஆனதுதான். இரண்டு நாளுக்குமேல் அதையே தின்ன முடியாது.

பலெர்மோவின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. நகரப் பேருந்தை நம்பி நேரம் குறிக்க முடியாது. பல தேவாலயங்கள் மதியம் சில மணி நேரம் அடைத்துவிடும். சிசிலியின் சட்டமன்றம் நோர்மன் அரண்மனையிலேயே கூடுவதால், அரச அறைகள் வார நடுவில் பூட்டியிருப்பது வழக்கம். வெள்ளி முதல் திங்கள் வரையான நாள்களில் போவது பாதுகாப்பு. சந்தைச் சந்துகளில் குப்பையும் உண்டு, நடப்பவர்மீது உரசிக்கொண்டு போகும் ஸ்கூட்டர்களும் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால், வலெட்டாவின் படிக்கட்டுத் தெருக்களைவிடப் பலெர்மோவின் சமதரை உதவும். ஆனால் கூட்ட நெரிசலில் பதறுகிறவர்களுக்கு வலெட்டாவே நிம்மதி.

ஈஸ்டர் வாரத்தில் போவதாக இருந்தால் இரண்டிலும் ஊர்வலங்கள் உண்டு, இரண்டிலும் அறை வாடகை ஏறும். பலெர்மோவிலிருந்து பேருந்தில் போகக்கூடிய பியானா தெலி அல்பனேசி என்ற ஊரில், 15ஆம் நூற்றாண்டில் குடியேறிய அல்பேனியரின் வழித்தோன்றல்கள் பைசாந்திய முறைப்படி ஈஸ்டர் கொண்டாடுகிறார்கள். பெண்கள் பொன் சரிகை வேலைப்பாடுள்ள பரம்பரை ஆடையில் வர, சிவப்பு முட்டைகளை எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

வலெட்டாவைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் ஒன்று உண்டு. அது நகரத்துக்கு வெளியே இருக்கிறது. பிரமிடுகளுக்கும் முந்தைய ம்னாய்த்ரா பெருங்கற்கோயிலின் தெற்குக் கட்டடத்தில், மார்ச் 20ஐ ஒட்டிய சமப்பகல் நாளின் காலை வெயில் வாசல் வழியே நேரே உள்ளே விழும்படி கட்டியிருக்கிறார்கள். வசந்தத்தில் போகிறவர்களுக்கு இதற்குத் தனிப் பொருள் உண்டு. ஹல் சஃப்லியேனி நிலவறைக் கல்லறைக்கு ஒரு நாளில் 80 பேரை மட்டுமே விடுகிறார்கள் என்பதால், விமானச் சீட்டுக்கு முன்பே அந்த நுழைவுச் சீட்டை வாங்கிவிட வேண்டும். இந்த இரண்டும் கிடைக்குமானால் காற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு, வலெட்டாவிலிருந்து சிசிலியின் தென்கிழக்கில் உள்ள பொத்சாலோவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான அதிவேகப் படகு இருக்கிறது. அங்கிருந்து பலெர்மோ தீவின் எதிர்மூலையில் உள்ளதால் கத்தானியா வழியாகப் பேருந்தில் போக ஏறத்தாழ ஒரு பகல் போய்விடும். அந்தப் படகும் காற்றுக்குக் கட்டுப்பட்டதே. ஆகவே வலெட்டாவை முதலில் வைத்து, படகு நாளுக்குப் பின் ஒரு நாளைக் காலியாக விட்டு, ஊர் திரும்பும் விமானத்தைப் பலெர்மோவிலிருந்து எடுப்பது உசிதம்.