'குழந்தைகளோடு வளர்ந்த நாய்' என்று விற்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நாய் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், 'குட்டியை வாங்கி அல்லாட வேண்டாம், பழகின பெரிய நாயாகவே பார்க்கலாம்' என்று நினைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். அந்த நினைப்பில் தப்பே இல்லை. குணம் தெரிந்த, வளர்ந்த நாய் கிடைத்தால் குழந்தை உள்ள வீட்டுக்கு அதைவிட நிம்மதி கிடையாது. அந்த நிம்மதியைத்தான் சிலர் விலை வைத்து விற்கிறார்கள். எங்களுக்கு விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். அவர் நாளைக்கே வேறு பெயரில், வேறு எண்ணில் விளம்பரம் போடலாம் என்பதால், ஏமாற்றிய விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

விளம்பரம் இப்படி இருந்தது: இரண்டு வயது லாப்ரடார், பெண் நாய், குழந்தைகளோடு வளர்ந்தது, பயிற்சி பெற்றது, உரிமையாளர் வெளிநாடு போவதால் நல்ல குடும்பத்துக்கு மட்டும். கூடவே ஒரு படம். ஒரு குழந்தை அந்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. அந்தப் படத்தை இன்றைக்குப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தை சிரிக்கிறது, ஆனால் நாய் வாயை இறுக மூடிக்கொண்டு, காதைப் பின்னால் மடக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. கண்ணின் வெள்ளை, பிறை மாதிரி ஓரத்தில் தெரிகிறது. 'என்னை விடு' என்று ஒரு நாய் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. விற்பவர்கள் இந்த மாதிரிப் படங்களைத்தான் பாசத்துக்குச் சாட்சியாகப் போடுகிறார்கள்.

நேரில் பார்க்க வருகிறோம் என்றதும், "வீட்ல சாமான் எல்லாம் கட்டிட்டு இருக்கோம் மேடம், நீங்க அலைய வேணாம், நானே பூங்காவுக்குக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்றார். வந்தார். நாய் வண்டியிலிருந்து இறங்கி நாலடி நடந்து புல்லில் படுத்துவிட்டது. என் நாலு வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து தடவினான். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. "பாத்தீங்களா மேடம், காதைப் பிடிச்சு இழுத்தாக்கூட ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி, நிஜமாகவே அதன் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அதன் கண்ணில் மூக்குப் பக்க ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். "வண்டியில வந்த களைப்பு மேடம், தூசி பட்டிருக்கும். இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க, நீங்க சொன்னா நிறுத்தி வைக்கிறேன்" என்றார். தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் (நாயை அடையாளம் காண அதன் தோலுக்கடியில் வைக்கிற சின்னச் சில்லு) எண் எழுதிய சான்று, பரம்பரைச் சான்று என்று ஒரு கோப்பையும் நீட்டினார். கேட்ட எதற்கும் அவரிடம் பதில் இல்லாமல் இல்லை.

அன்று இரவு முழுக்க நாய் தூங்கியது. மறுநாள் மதியம் எழுந்தது வேறு நாய். சமையலறையில் ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மாடிப்படியைப் பார்த்து நின்றுவிட்டது, படி ஏறவே தெரியவில்லை. பையன் ஓடினால் அதன் உடம்பு முழுக்க விறைத்தது. சாயங்காலம் சோறு வைத்தேன். அது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் அந்தப் பக்கமாக வந்தாள். மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. தலை கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது, கண் மட்டும் பக்கவாட்டில் அவளைப் பார்க்கிறது, முதுகு மரக்கட்டை மாதிரி. பிறகுதான் அடித்தொண்டையில் உறுமல் வந்தது. குரலை உயர்த்தாமல் மகளை என் பக்கம் கூப்பிட்டுக்கொண்டேன். கடி எதுவும் இல்லை. அந்த உறுமலுக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன், அது எங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. உறுமும் நாயை அடித்து அடக்கிவிட்டால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் சத்தமே இல்லாமல் கடிக்கும்.

கால்நடை மருத்துவர் மேசையில் ஏற்றிப் பார்த்தார். கீழ்முன்பற்களின் முனை தேய்ந்து தட்டையாகியிருந்தது. "இது ரெண்டு வயசுப் பல் இல்லைம்மா, அஞ்சு ஆறு வயசாவது இருக்கும்" என்றார். வயிற்றைத் திருப்பிக் காட்டினார். காம்புகள் தொங்கிப் போயிருந்தன, பல ஈத்து போட்ட நாய். முழங்கை இரண்டும் முடி உதிர்ந்து, யானைத்தோல் மாதிரி காய்த்துப் போயிருந்தது. வருடக்கணக்கில் சிமென்ட் தரையில் கிடந்தால் அப்படித்தான் ஆகும் என்றார். குட்டி போடுவதற்காகவே கூண்டில் வைத்திருந்து, இனி ஈனாது என்றானதும் 'குடும்ப நாய்' என்று பெயர் மாற்றித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இது குழந்தைகளோடு வளரவில்லை, எந்த வீட்டோடும் வளரவில்லை.

சிப்பை ஸ்கேன் செய்தார். வந்த 15 இலக்க எண் வேறு, சான்றில் இருந்தது வேறு. தடுப்பூசி அட்டையில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரைக் காட்டினார். அந்த மருந்தின் காலாவதி மாதம், ஊசி போட்டதாக எழுதிய தேதிக்கு முந்தியது. எந்த இடத்திலும் மருத்துவர் கையெழுத்தோ பதிவு எண்ணோ இல்லை. ஆக, ரேபிஸ் ஊசி உட்பட எதையும் போட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கண்ணை மூடியிருந்த சவ்வைப் பற்றிச் சொன்னேன். அது நாயின் மூன்றாவது இமை. காய்ச்சல், வலி, கண் நோய் எதிலும் அது வெளியே வரும். அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தாலும் வரும். எங்கள் நாய்க்கு அப்படி ஏதாவது கொடுத்தார்களா என்று நேரம் கடந்த பிறகு நிரூபிக்க முடியாது, ஆனால் நான் சொன்னதெல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது என்றார் மருத்துவர். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதற்கு வழக்கமாகப் பயன்படுகிற மருந்து உடம்பைத்தான் தளர்த்துமே தவிர பயத்தை எடுக்காது. அந்த மயக்கத்திலும் நாய் திடுக்கிட்டுக் கடிக்கலாம். என் பிள்ளையின் முகம் அதன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது அந்த ஆள் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

குழந்தைகளுக்கு விழும் கடியில் பெரும்பகுதி முன்பின் தெரிந்த நாயிடம்தான் விழுகிறது. அவர்கள் உயரத்துக்கு, கடி தலையிலும் முகத்திலும் கழுத்திலும் படுகிறது. விற்பவர்களுக்கு இது தெரியாதா?

ரகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "லாப்ரடார்னா கடிக்கவே கடிக்காது மேடம்" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. 2022-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000-க்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் ரகம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. மிச்சமெல்லாம் அந்தத் தனி நாயின் பிறவிக் குணம், வளர்ப்பு, பட்ட அனுபவம். குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரை எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதுதான் பிற்காலத்தில் அதற்குச் சாதாரணமாகத் தெரியும். அந்த வாரங்களில் குழந்தையையே பார்க்காமல் கூண்டில் கிடந்த லாப்ரடாருக்கு, ஓடிவந்து கத்துகிற நாலு வயதுப் பிள்ளை ஒரு புரியாத ஜந்து. வீட்டில் நல்லபடியாக வளர்ந்த கலப்பின நாய் அதைவிட ஆயிரம் மடங்கு பத்திரம்.

குட்டியாகவே வாங்கினாலும் இதே ஆட்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். மூலையில் சுருண்டிருக்கும் குட்டியைக் காட்டி 'ரொம்ப சாது' என்பார்கள். விளையாட வேண்டிய வயதில் சுருண்டு கிடக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் உடம்பு சரியில்லை, அல்லது பயத்தில் உறைந்திருக்கிறது. எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரித்த குட்டியும் வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் அது கற்றுக்கொள்கிறது. தாயைக் காட்டாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்கவே முடியாது. வளர்ப்பவர் தாயோடு சேர்த்துத்தான் குட்டியைக் காட்ட வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் இதை நீங்களே நிபந்தனையாக வைக்கலாம்.

எங்களிடம் வந்த நாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த பூங்காவில் அடுத்த குழந்தைக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைப்பார்கள். பிள்ளைகளையும் அதையும் கதவு போட்டுப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு மீட்பு அமைப்பின் உதவியோடு, குழந்தைகள் இல்லாத வயதான தம்பதியிடம் சேர்த்தோம். இப்போது படி ஏறுகிறதாம், மெத்தையில் தூங்குகிறதாம். அதன் மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை.

வளர்ந்த நாயைப் பார்க்கப் போகிறவர்கள் அது வாழும் வீட்டுக்கே போங்கள். பூங்கா, கடைவாசல், பாதி வழி எதுவும் வேண்டாம். வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில், சொல்லாமல் நேரத்தை மாற்றிக்கொண்டு இரண்டு முறையாவது பாருங்கள். மருந்து கொடுத்திருந்தால் இரண்டு முறையும் ஒரே மாதிரி காட்டுவது கஷ்டம். நாய் தானாக எழுந்து குழந்தையிடம் உடம்பை நெளித்துக்கொண்டு வருகிறதா, இல்லை குழந்தை தன்னிடம் வருவதைப் பொறுத்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் பொறுத்துக்கொள்வதன் அடையாளம். பணம் கைமாறும் முன் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவரிடம் காட்டி, சிப்பை ஸ்கேன் செய்து எண்ணை ஒப்பிடுங்கள். அட்டையில் உள்ள மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். எப்பேர்ப்பட்ட நாயாக இருந்தாலும் சின்னப் பிள்ளையோடு தனியாக விடாதீர்கள். பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று இருக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று. எங்கள் புகார் நிற்பதற்குக் காரணம் நாங்கள் சேர்த்து வைத்திருந்த காகிதமும் படமும்தான். விளம்பரத்தை வாங்கும் முன்னமே படமெடுத்து வையுங்கள், அவர் அதை மறுநாளே நீக்கிவிட்டார். 'குழந்தைகளோடு வளர்ந்தது', வயது, ஊசி விவரம், ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வார், எல்லாவற்றையும் செய்தியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். "போன்ல பேசிக்கலாம் மேடம்" என்று எழுத்தில் தர மறுத்தால் அந்த நாயை வாங்காதீர்கள்.