ஏரோலைட் 103: மெதுவா போறது தான் இதோட ப்ளஸ்

ஃப்ளோரிடா லேக்லேண்ட்ல ஏப்ரல்ல நடக்குற சன் அண்ட் ஃபன் ஏர் ஷோல எல்லாரும் ஜெட் பாக்க ஓடுனாங்க, நான் நேரா பாரடைஸ் சிட்டின்னு சொல்ற புல்தரைப் பக்கம் போயிட்டேன், குட்டி விமானமெல்லாம் அங்க தான் நிக்கும். ஏரோலைட் 103ல ஏறி உக்காந்து பாத்தேன், ஓட்டல, அதை முதல்லயே சொல்லிடுறேன். அலுமினியக் குழாய், றெக்கைக்கு டேக்ரான் துணி, முதுகுக்குப் பின்னாடி ஒரு சின்ன இன்ஜின். பாத்தா பந்தல்காரர் கட்டுன மாதிரி தான் இருக்கு, ஆனா ஸ்டிக்கை ஆட்டுனா எல்லாம் கச்சிதமா அசையுது.

அமெரிக்கால பார்ட் 103னு 1982ல வந்த ரூல் ஒண்ணு இருக்கு. ஒரே சீட்டு, காலி எடை 115 கிலோவுக்குள்ள (நம்ம ஸ்ப்ளெண்டர் பைக் அளவு தான்), பெட்ரோல் 19 லிட்டர், டாப் ஸ்பீடு 102 கிமீ. இதுக்குள்ள இருந்தா லைசென்ஸே வேணாம், ஆனா ஊருக்கு மேல பறக்கக்கூடாது. எனக்குப் பிடிச்சது இன்னொரு நம்பர், ஸ்டால் ஸ்பீடு, அதாவது இதுக்குக் கீழ போனா றெக்கையால விமானத்தைத் தாங்க முடியாதுங்கிற வேகம், 44 கிமீயைத் தாண்டக்கூடாது. செஸ்னா 172ங்கிற நாலு சீட்டு விமானத்துக்கு, மெதுவா எறங்குறதுக்காக றெக்கைல இருக்குற மடலை (ஃப்ளாப்) எறக்கினாலும் இதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வேகம் பாதியானா மோதுற சக்தி கால்வாசி ஆயிடும், எடையும் கம்மி, அதனால இன்ஜின் நின்னாலும் மாடு மேயுற ஒரு புல்வெளி கெடைச்சா எறக்கிடலாம். விமானத்தையே தூக்கிப் பிடிக்கிற பாராசூட்டுக்குன்னு 24 பவுண்டு (கிட்டத்தட்ட 11 கிலோ) எடை தனியா விட்டிருக்காங்க, அது இல்லாம தயவுசெஞ்சு வாங்காதீங்க.

குறைன்னா, இவ்ளோ லேசா, காத்தைத் தடுக்குற மாதிரி இவ்ளோ கம்பியும் குழாயுமா இருக்கிறதால இன்ஜின் நின்ன அடுத்த செகண்டே வேகம் செத்துடும், வேகத்தைக் காப்பாத்த யோசிக்காம மூக்கைக் கீழ தள்ளணும், பெரிய விமானம் ஓட்டிப் பழகுனவங்க இங்க தான் அசந்துடுவாங்க. லைசென்ஸ் வேணாம்னா ட்ரெயினிங்கே வேணாம்னு அர்த்தம் இல்ல. ஆனா ஒரே சீட்டுங்கிறதால பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஆளுக்கு எடமே கெடையாது, வேற ரெண்டு சீட்டு விமானத்துல கத்துக்கிட்டு வந்து இதுல முதல் தடவையே தனியா ஏறணும். பயிற்சிக்காக இதே எடை, இதே வேகத்துல ரெண்டு சீட்டுல ஒண்ணு யாராச்சும் செஞ்சா, அதுக்கு ரூலும் எடம் குடுத்தா, நான் தான் முதல் ஆளா நிப்பேன்.

அப்புறம் காத்து. அன்னிக்கு மதியம் காத்து கெளம்புனதும் ஒவ்வொண்ணா கயிறு போட்டுக் கட்டிட்டாங்க. காத்து அடங்கியிருக்குற காலைல, அஞ்சு மணிக்கே எழுந்திரிக்க முடியாதவங்க இதை வாங்குனா ஷெட்ல வெச்சு தொடைச்சுக்கிட்டு தான் இருக்கணும்.