காவல் பரணுக்கு எந்தப் பெல்ட்? மூன்றிலும் தொங்கிப் பார்த்த பிறகு

கடந்த பெரும்போகத்தில், கதிர் முற்றிக்கொண்டிருந்த நேரம், என் தம்பி பரணிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தான். மேலிருந்து மூன்றாவது படி. மழையில் ஊறிப் பாசி பிடித்த கம்பு, ஒரு கையில் டோர்ச். விலா எலும்பு முறிந்து அறுவடை முடியும்வரை பாயில் கிடந்தான். அந்த இரவு யானையும் வரவில்லை, பன்றியும் வரவில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான எங்கள் படுவான்கரையில் வயல் காவலுக்குப் பரணில் படுக்காத வேளாண்மைக் குடும்பம் குறைவு. யானை வெடி, டோர்ச், தேநீர்ப் போத்தல் எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டுபோகிறோம். விழுந்தால் தாங்க ஒரு பட்டியைக் கொண்டுபோவதில்லை. தம்பி எழுந்து நடக்கத் தொடங்கியதும் நான் மூன்று வகைகளைத் தேடி எடுத்தேன்: மின்கம்பம் ஏறுபவர்கள் கட்டும் இடுப்புப் பெல்ட், மட்டக்களப்பு நகரில் வாங்கிய கட்டட வேலை ஹார்னஸ் (உடலில் பூட்டும் பாதுகாப்புப் பட்டித் தொகுதி), கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் மைத்துனர் அனுப்பிய வேட்டை ஹார்னஸ். அங்கே வேட்டைக்காரர்கள் மரத்தில் மேடை கட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை வேறு என்றாலும் மரமும் உயரமும் தூக்கக்கலக்கமும் நம்முடையவைதான்.

இடுப்புப் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வளவு மாமரக் கிளையில் கட்டி, கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி தொங்கினேன். பட்டி இடுப்பில் நிற்கவில்லை. வயிற்றை அமுக்கிக்கொண்டு விலாவுக்கு ஏறியது, மூச்சு முட்டியது. ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாமல் கால் ஊன்றிவிட்டேன். அது கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கான பட்டி, விழுகிறவரைப் பிடிப்பதற்கானது அல்ல. வெறுங்கயிற்றை இடுப்பில் சுற்றுவது அதைவிட மோசம். பரண் கட்டும் நாளில் மரத்தைச் சுற்றிப் போட்டு இரண்டு கையாலும் வேலை செய்ய இந்தப் பெல்ட் உதவும், அதுவும் உடலில் ஹார்னஸ் இருக்கும்போது.

மற்ற இரண்டும் முழு உடல் ஹார்னஸ்கள். தோளிலும் தொடையிலும் பட்டி, முதுகில் பிடிப்பு. விழும் அதிர்ச்சியைத் தொடையும் தோளும் பகிர்ந்துகொள்வதால் தொங்கும்போது மூச்சு விட முடிந்தது. தையலும் வளையமும் இரண்டிலும் உறுதியாகவே இருந்தன. நான் வேட்டை ஹார்னஸின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அவற்றோடு வரும் கயிறு.

கட்டட ஹார்னஸோடு வருவது 2 மீட்டர் கயிறு. அதில் ஒரு சிறிய பொதி தைக்கப்பட்டிருக்கும். விழும்போது அந்தப் பொதி பிரிந்து நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தரத்தின்படி அது 1.75 மீட்டர் வரை நீளலாம். பல மாடிக் கட்டடத்தில் அது உயிர் காக்கும். நம் பரணோ 15 அடி, அதாவது சுமார் நான்கரை மீட்டர். கொளுக்கியைக் காலடியில் இருக்கும் பரண் கம்பில் மாட்டினால் 2 மீட்டரும் 1.75 மீட்டரும் சேர்ந்து 3.75. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை இன்னும் ஒன்றரை மீட்டர். மொத்தம் 5.25. கயிறு முழுமையாக நிறுத்துவதற்கு முன்பே கால் தரையில் அடிக்கும். பெல்ட் போட்டிருந்தும் கால் முறியும் என்பதைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

வேட்டை ஹார்னஸின் கயிறு குட்டையானது. அடிமரத்தைச் சுற்றித் தலைக்கு மேலே ஒரு பட்டி கட்டி, அதில் மாட்ட வேண்டும். உட்கார்ந்தால் கயிறு தொய்வில்லாமல் நிற்க வேண்டும். அப்போது வழுக்கினாலும் விழும் தூரம் மிகக் குறைவு, கையை நீட்டினால் மரத்தைத் திரும்பப் பிடிக்கலாம்.

இன்னொன்று, தம்பி விழுந்தது பரணிலிருந்து அல்ல, ஏணியிலிருந்து. வேட்டைக்காரர்களிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும் விழுகிறவர்களே அதிகம். மேலே போய்ப் பெல்ட்டை மாட்டும் வழக்கம் இந்த இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அதற்காகவே மரத்தின் உச்சிக் கட்டிலிருந்து அடிவரை ஒரு தடித்த கயிறு காவல் காலம் முழுவதும் தொங்கும். அதில் மெல்லிய கயிற்று வளையம் ஒன்று மூன்று சுற்றாகப் பின்னப்பட்டிருக்கிறது. கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் விளக்கிய முடிச்சு அது. தரையில் நிற்கும்போதே ஹார்னஸை அதில் மாட்டிவிடுவேன். சுமையில்லாதபோது பெருவிரலால் தள்ளினால் முடிச்சு வழுக்கிக்கொண்டு மேலே போகிறது. உடல் பாரம் விழுந்த கணமே தடித்த கயிற்றை நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. மழையில் நனைந்த கயிற்றில் தள்ளுவது கொஞ்சம் சிரமம், ஒவ்வொரு படிக்கும் நின்று தள்ள வேண்டும். பரணில் படுக்கும்போது முடிச்சைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். எழும்போது, கால் ஊன்றுவதற்கு முன்பே, அதைத் தலைக்கு மேலே ஏற்றிவிட வேண்டும்.

தம்பி இதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, யானை வந்து மரத்தை முட்டினால் கட்டுப்பட்டே கிடப்பதா?" நியாயமான பயம். ஆனால் யானை அடியில் நிற்கும்போது இறங்கி ஓடுவதற்கு வழியில்லை. அது முட்டி மரம் ஆடும் நேரத்தில்தான் கட்டு மிகவும் தேவை. பெருத்த அடிமரமுள்ள மருதையோ புளியையோ பார்த்துப் பரண் கட்டுவதுதான் அதற்குரிய பதில்.

விழுந்து தொங்கினால் அதோடு முடிந்துவிடாது. அசையாமல் தொங்கும்போது தொடைப்பட்டி அழுத்தி இரத்தம் காலில் தேங்கும், மயக்கம் வரலாம். வேட்டை ஹார்னஸில் இதற்கென ஒரு பட்டி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவிழ்த்துக் காலை நுழைத்து, அதில் எழுந்து நின்று இளைப்பாறலாம். மாமரத்தில் தொங்கியபோது ஐந்து நிமிடத்தில் தொடை மரத்துவிட்டது, அந்தப் பட்டியில் நின்றதும் தெளிந்தது. கட்டட ஹார்னஸில் அது இல்லாததால், கால் நுழையும் அளவுக்கு ஒரு கயிற்று வளையத்தைப் பக்கத்தில் கட்டிக்கொண்டேன். எதைப் போட்டாலும் கைபேசி நெஞ்சுப் பையில் இருக்கட்டும், பரண் மூலையில் வேண்டாம்.

கனடாவிலிருந்து அனுப்ப எல்லோருக்கும் ஆள் இருக்காது. கட்டட ஹார்னஸ்தான் கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள், ஆனால் 2 மீட்டர்க் கயிற்றைப் பரணுக்குக் கொண்டுபோகாதீர்கள். உயரத்தில் வேலை செய்வதற்கென்று விற்கும் கயிற்றில் தொங்குகயிறும் புருசிக் முடிச்சும் அமைத்து, முதுகு வளையத்தைக் குட்டையாக இணையுங்கள். மாடு கட்டும் நைலோன் கயிறு இதற்கு வேண்டவே வேண்டாம். தம்பிக்கு இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன். முதல் முறை தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு தொங்கிப் பாருங்கள்.

நான் இதோடு கழித்தது ஒரு போகம் மட்டுமே, பரண் உயரத்திலிருந்து உண்மையில் விழுந்ததும் இல்லை. பட்டி எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதை அனுபவத்தால் சொல்ல எனக்கு இன்னும் காலம் போக வேண்டும். வேட்டை ஹார்னஸ் செய்பவர்கள் பலர் 5 ஆண்டு என்று கெடு வைக்கிறார்கள். ஒருமுறை விழுந்து தாங்கியதை மறுபடி போடக்கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறார்கள். வெயிலும் பூச்சிமருந்தும் பற்றரித் தண்ணீரும் பட்டியை அரிக்கும். வாடியில் எலியும் உண்டு. அறுவடை முடிந்ததும் தொங்குகயிறு உட்பட எல்லாவற்றையும் அவிழ்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது அறையில் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.